சத்தம் ஏறாத கேசட்

என் தங்கைக்கு வாய் நீளம். கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு கடைக்கு வருகிறவர்கள் முதலில் அவளிடம் திட்டு வாங்குவார்கள். அதற்குப் பிறகுதான் வேலை நடக்கும். பெட்டியின் முதுகைத் திருப்பி வைத்து, ஒவ்வொரு ஓட்டையாக ஸ்குரூ டிரைவரால் தட்டிக் காட்டுவாள்.

"இதுல எதை மாட்டினீங்க?"

"கேசட் பிளேயர் ஒயரைத்தாம்மா. வட்டமா, அளவா இருந்துச்சு. கரெக்டா உட்கார்ந்துச்சு."

"உட்காரும். யாரு வீட்டுத் திண்ணையில வேணும்னாலும் உட்காரலாம், சோறு போடுவாங்களா? இது வீடியோ கார்டு. இதுக்கு வாய் மட்டும்தான், காது கிடையாது. உள்ள இருக்கற படத்தை டிவிக்கு அனுப்பும். வெளியிலேர்ந்து எதையும் வாங்கிக்காது. முன்னால சுத்தியல் அடிச்சுக்கிட்டு இருக்காரே, எங்கண்ணன், அவரு மாதிரின்னு வெச்சுக்குங்க."

வந்தவர் சிரிப்பார். நானும் ஆணியை வாயில் கவ்விக்கொண்டு சிரிப்பேன். அவள் மட்டும் சிரிக்க மாட்டாள்.

பதினைந்து ஓட்டை உள்ள நீல நிறத்தது, அகலமான வெள்ளை நிறத்தது, வட்டமானது எல்லாமே படம் வெளியே போகிற வழிகள் என்பாள். உள்ளே கொண்டுவருவதற்கு வேறு கார்டு வேண்டும். அதன் பெயர் கேப்சர் கார்டு. அதிலும் ஒரு வட்ட ஓட்டை இருக்கும். பார்ப்பதற்கு வீடியோ கார்டில் இருப்பதைப் போலவே இருக்கும், ஆனால் வேலை நேர் எதிர். படத்துக்கு மஞ்சள் ஓட்டையும் உண்டு. சத்தத்துக்குத் தனி வழி. நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். இதையெல்லாம் அவள் சொல்லக் கேட்டுக் கேட்டு எழுதுகிறேன். தப்பு இருக்காது. எழுதி முடித்ததும் அவளிடம் இந்தப் பக்கத்தை மட்டும் படித்துக் காட்டிவிட்டேன். மற்றதைக் காட்டவில்லை.

டிவி மெக்கானிக் வகுப்பில் அவள் ஒருத்திதான் பெண். சொல்லிக்கொடுத்தவர் அவளுக்குத் துடைப்பத்தைக் கொடுத்து, மற்றவர்கள் சிந்திய ஈயத் துணுக்குகளைக் கூட்டச் சொன்னார். கூட்டிக்கொண்டே கற்றுக்கொண்டாள். பிறகு கட்டிக்கொடுத்தோம். போன இடத்தில் மாமியாருடைய டிவி படுத்துவிட்டது. இவள் பின்பக்கத்தைக் கழற்றி உட்கார்ந்தாள். "நாங்க மருமகளைக் கேட்டோம், மெக்கானிக்கையா கேட்டோம்?" என்று அந்த வீட்டில் ஆரம்பித்த பேச்சு அடியில் போய் முடிந்தது. ஒரு பெட்டியும் பற்றவைக்கும் கோலுமாகத் திரும்பி வந்துவிட்டாள். வந்தவள் முதலில் என்னிடம் சொன்னது, "டிவி ஓடுதுண்ணே. சரி பண்ணிட்டுத்தான் வந்தேன்."

என் சட்டக் கடையை நடுவில் பிளைவுட் வைத்துத் தடுத்தேன். முன்பக்கம் படங்களுக்குச் சட்டம் போடும் என் மேசை, கண்ணாடி, ரம்பம். பின்பக்கம் அவளுடையது. ஜன்னல் கிடையாது. இரண்டு கேசட் டெக்குகள், ஒரு பழைய டிவி, கம்ப்யூட்டர், பஞ்சும் ஸ்பிரிட்டும் வைத்த தகரத் தட்டு. பழைய வீடியோ கேசட்டுகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றித் தருவதுதான் வேலை. சுற்றுவட்டாரத்தில் இந்த வேலையை அவள் அளவுக்குச் செய்ய ஆள் இல்லை. தங்கை என்பதற்காகச் சொல்லவில்லை. வேறு கடைக்காரர்களே முடியாத கேசட்டை இங்கேதான் அனுப்புவார்கள்.

அவளுக்கு என்று சில பிடிவாதங்கள் இருந்தன. ஒரு முறை ஒரு அம்மாள் மகனின் கல்யாணக் கேசட்டைக் கொண்டுவந்து, விட்டுப் போன மருமகள் வருகிற இடத்தையெல்லாம் வெட்டிவிடச் சொன்னார்.

"வந்தது வந்தபடிதான் தருவேன். பிடிக்காத இடத்துல கண்ணை மூடிக்குங்க."

"வெட்டித் தந்தா என்ன குறைஞ்சிடுவே?"

"அப்புறம் உங்க மகன் தனியா நின்னு யார் கையையோ புடிச்சிட்டு இருப்பாரு. பரவாயில்லையா?"

அந்த அம்மாள் கேசட்டைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்.

இன்னொரு பிடிவாதம்: வாடிக்கையாளருடைய கேசட்டைப் போட்டு மிஷினைச் சோதிக்க மாட்டாள். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் நாடா தேயும், அடுத்தவர் பொருளில் நாம் கைபழகக் கூடாது என்பாள். சோதிப்பதற்குத் தனியாக ஒரு கேசட் வைத்திருந்தாள். பக்கத்துச் செருப்புக் கடையின் காவல் கேமராவில் பதிவானது. முழுக்க முழுக்கக் கால்கள். யாரோ உட்கார்ந்து செருப்பைப் போட்டுப் பார்ப்பார்கள், கழற்றுவார்கள். தலை தெரியாது. காவல் கேமரா என்பதால் சத்தமும் கிடையாது. படம் நடுங்காமல், நிறம் சரியாக விழுகிறதா என்று அதில் பார்த்துக்கொள்வாள். வருஷக்கணக்காக அப்படித்தான்.

மூன்றாவது பழக்கம், பதிவு தொடங்கியதும் கம்ப்யூட்டர் திரையை அணைத்துவிட்டு டிவியைப் பார்ப்பது. டெக்கிலிருந்து படமும் சத்தமும் ஒரு வழியில் கம்ப்யூட்டருக்கும் ஒரு வழியில் டிவிக்கும் போகும். பதிவு ஓடும்போது யாராவது கம்ப்யூட்டரைத் தொட்டால் படம் துண்டு துண்டாக விழும். ஆரம்பத்தில் அப்படி ஒன்று கெட்டுப்போனதிலிருந்து திரையை அணைத்துவிடுவாள்.

இந்த மூன்றும் நல்ல பழக்கங்கள்தான். மூன்றும் ஒரே கேசட்டில் சேர்ந்து அவளைக் கவிழ்த்தன.

மைக்காரர் என்று எங்கள் பகுதியில் ஒருவர் உண்டு. பஸ் நிலையத்தில் எந்த வண்டி எங்கே நிற்கிறது என்று மைக்கில் சொல்லிக்கொண்டிருந்தவர். நாங்கள் இங்கே குடிவருவதற்கு முன்பே தொண்டையில் புற்று வந்து, குரல்வளையையே எடுத்துவிட்டார்கள். கழுத்தின் அடியில் ஒரு துளை. அதன்மேல் கைக்குட்டை கட்டியிருப்பார். மார்பில் ஒரு சின்ன வெள்ளைப் பலகை தொங்கும். சொல்ல வேண்டியதை மார்க்கரால் எழுதிக் காட்டிவிட்டு, சட்டைக் கையால் துடைத்துவிடுவார். அவருடைய குரலைக் கேட்டவர்கள் எல்லாரும் அதைப் பற்றிப் பேசுவார்கள். "அவரு சொன்னா, போக வேண்டாத ஊருக்குக்கூட டிக்கெட் எடுக்கத் தோணும்" என்பார் செருப்புக் கடைக்காரர்.

அவருக்கு ஒரே மகள். மனைவி இல்லை. அந்தப் பெண் ஒரு கம்பெனியில் போனில் பேசும் வேலை பார்க்கிறாள். அவள் கைக்குழந்தையாக இருக்கும்போதே அப்பாவின் குரல் போய்விட்டது. பெரியவர்கள் அவளைப் பார்த்தால் விட மாட்டார்கள். "அப்படியே அப்பா குரல்மா உனக்கு" என்பார்கள். அந்தக் குரலை அவள் ஒரு நாளும் கேட்டதில்லை.

ஒரு நாள் இருவரும் கடைக்கு வந்தார்கள். பரணில் கிடந்த ஒரு கேசட். குழந்தையை வீட்டுக்குக் கொண்டுவந்த நாளில் நண்பர் ஒருவர் எடுத்தது.

"அப்பா இதுல பேசறாராம்க்கா. பஸ்ஸு சொல்ற மாதிரியே சொல்லிக் காட்டினாராம். எனக்கு வேற ஒண்ணும் வேணாம். அந்தக் குரலை ஒரு தடவை கேட்டாப் போதும்."

என் தங்கை கேசட்டின் மூடியைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தாள். நாடாவின் ஓரமெல்லாம் வெள்ளையாகப் பூஞ்சை.

"இது செத்துக்கிட்டு இருக்கு. சுத்தம் பண்ணி ஒரு தடவை ஓட்டலாம். மறுபடி ஓட்டினா தாங்காது. பொய் சொல்லி வாங்கிக்க மாட்டேன்."

மைக்காரர் பலகையில், "ஒரு தடவை போதும்" என்று எழுதினார்.

அந்த வாரம்தான் அவளுடைய கம்ப்யூட்டரில் வீடியோ கார்டு புகைந்து போயிருந்தது. புதிதாக வாங்கிய கார்டு தடியானது. பக்கத்து இடத்தையும் சேர்த்து அடைத்துக்கொண்டது. அதனால் கேப்சர் கார்டை அங்கிருந்து பிடுங்கிக் கடைசி இடத்துக்கு மாற்றினாள். கேப்சர் கார்டிலிருந்து சத்தத்தைக் கொண்டுபோகும் மெல்லிய ஒயர் ஒன்று பெட்டிக்குள் ஓடுகிறது. புதிய இடத்துக்கு அது இழுத்துப் பிடித்தாற்போல் எட்டியது. மூடியைப் போட்டு அழுத்தியபோது அதன் முனை கழன்றுவிட்டது. அது அவளுக்குத் தெரியவில்லை.

சோதித்தாள். செருப்புக் கடைக் கால்கள் அழகாகப் பதிவாயின. அதில் இல்லாத சத்தம் பதிவாகவில்லை என்று எப்படித் தெரியும்?

நாடாவை முழம் முழமாக வெளியே இழுத்துப் பஞ்சால் துடைத்துத் துடைத்துச் சுற்றினாள். மறுநாள் காலையில் பதிவைத் தொடங்கித் திரையை அணைத்துவிட்டு டிவி முன்னால் உட்கார்ந்தாள். தடுப்புக்கு இந்தப் பக்கம் நான் மரம் அறுத்துக்கொண்டிருந்தேன். நடுவில் ரம்பத்தை நிறுத்தியபோது ஒரு குரல் வந்தது. சொற்கள் எனக்குப் பிடிபடவில்லை. ஆனால் பிளைவுட்டின்மேல் கை வைத்திருந்தேன், அது அதிர்ந்தது. அப்படி ஒரு கனம்.

முடிந்ததும் அவள் வெளியே வந்து தண்ணீர் குடித்தாள்.

"குரல் எப்படி?" என்றேன்.

"குரல் நல்ல குரல்தான்" என்றாள்.

உள்ளே போய்த் திரையைப் போட்டு, பதிவை ஓட்டிப் பார்த்தாள். கொஞ்ச நேரம் கழித்துப் பெட்டியின் மூடியைக் கழற்றும் சத்தம் கேட்டது. நான் எட்டிப் பார்த்தேன். அந்த மெல்லிய ஒயரின் முனையை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முகம் சுண்ணாம்பு போல இருந்தது.

ஒயரை மாட்டி, டெக்கைத் துடைத்து, கேசட்டை மறுபடி போட்டாள். கொஞ்ச தூரம் போனதும் நாடா சிக்கிக் கசங்கி அறுந்தது. அறுந்த இடத்தை ஒட்டிப் போட்டாள். இரைச்சல் மட்டும்தான் வந்தது. நாடாவின் மேலிருந்த பழுப்புப் பூச்சு முழுக்க டெக்கில் பொடியாக உதிர்ந்து கிடந்தது.

அப்பாவும் மகளும் வந்தபோது, முதலிலேயே சொல்லிவிட்டாள். "என் தப்பு. உள்ள ஒயர் கழன்றிருந்துச்சு, நான் பாக்கலை. படம் இருக்கு, சத்தம் ஏறலை. இனிமே எடுக்கவும் முடியாது."

அந்தப் பெண் கத்தவில்லை. நாற்காலி விளிம்பில் உட்கார்ந்தாள். "படத்தைக் காட்டுங்க" என்றாள்.

நானும் வாசலில் நின்று பார்த்தேன். இளவயது மைக்காரர் ஒரு கரண்டியை மைக் போலப் பிடித்துக்கொண்டு வாயசைக்கிறார். சுற்றிலும் கை தட்டுகிறார்கள். பிறகு வாசல் கேட். ஒரு பெண் கையில் துணி மூட்டை போலக் குழந்தை. மைக்காரர் அருகில் போய்க் குனிகிறார், ஏதோ சொல்கிறார். அந்தப் பெண் துணியை இழுத்துக் குழந்தையின் முகத்தை மூடுகிறாள். அத்தோடு படம் முடிந்தது.

"அக்கா, டிவியில நீங்க கேட்டீங்கல்ல?"

"கேட்டேன்."

"எப்படி இருந்துச்சு?"

"கனமா இருந்துச்சு. கடைசிச் சொல்லைக் கொஞ்சம் இழுப்பாரு. உன் குரல்தான், ரெண்டு படி கீழ எறங்கி நின்னு பேசற மாதிரி."

அந்தப் பெண்ணுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "அந்தக் கடைசியை மறுபடி போடுங்க. அந்தக் குழந்தை நான்தானே? என்னைப் பாத்து என்ன சொல்றாரு? வெயில் படுதுன்னு மூடச் சொல்றாரா?"

என் தங்கை படத்தை நிறுத்தினாள். "முதல்ல பஸ்ஸு சொன்னதை அப்படியே சொல்லிக் காட்டறேன், கேளு."

"அது அப்புறம். இதைச் சொல்லுங்க. என்கிட்டப் பேசினதுக்கா. ஒண்ணே ஒண்ணு."

"வேணாம்மா."

"ஏன்? சத்தத்தைத்தான் தொலைச்சிட்டீங்க. சொல்றதுக்குக்கூட என்ன?"

நான் மைக்காரரைப் பார்த்தேன். அவர் நின்றுபோன படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நெஜமாவே வேணுமா?"

"வேணும்."

என் தங்கை சொன்னாள். வெறுமனே சொல்லவில்லை. குரலைத் தாழ்த்தி, அவர் இழுத்த இடத்தில் இழுத்து, நிறுத்திய இடத்தில் நிறுத்திச் சொன்னாள். "'இதைத் தூக்கிட்டு எந்த மூஞ்சியோட வந்தே? ஆம்பளையா இருந்தா காட்டு. இல்லேன்னா மூடி வையி. இது யாருக்கு வேணும்?' பக்கத்துல ரெண்டு பேரு சிரிச்சாங்க. அவ்வளவுதான்."

அந்தப் பெண் திரையைப் பார்த்தாள். திரையில் அவளுடைய அம்மாவின் கை துணியின்மேல் இருந்தது. பிறகு அப்பாவைப் பார்த்தாள்.

மைக்காரர் பலகையை எடுத்தார். பலகை முழுக்கப் பெரிதாக, "பொய்" என்று எழுதினார். துடைத்தார். "வேலையைக் கெடுத்ததை மறைக்கக் கதை கட்டுகிறாள்" என்று எழுதி மகளிடம் திருப்பினார்.

அந்தப் பெண் எழுந்தாள். "மன்னிப்புக் கேட்டிருந்தா போயிருப்பேன். வாய் பேச முடியாத மனுஷன், திருப்பிச் சொல்ல மாட்டாருன்னுதானே இப்படி? உங்களுக்குக் குடும்பம் இருந்தாத்தானே அப்பான்னா என்னன்னு தெரியும்!"

வாசலில் இறங்கியும் நிறுத்தவில்லை. தெருவே திரும்பிப் பார்த்தது. அவர்கள் முனை திரும்பிய பிறகு செருப்புக் கடைக்காரர் என்னிடம் வந்து, "அந்தப் பொண்ணு கத்தினதைக் கேட்டீங்களா? அப்படியே மைக்காரர் குரல். உடம்பு சிலிர்த்துப் போச்சு" என்றார்.

அதற்குப் பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மைக்காரரைப் பிடிக்காதவர்கள் இங்கே யாரும் இல்லை. கேசட்டைக் கெடுத்ததும் இல்லாமல் ஊமை மனிதர்மேல் பழியும் போட்டவள் என்று என் தங்கைக்குப் பெயர் ஆகிவிட்டது. ஊமைப்படம் என்று ஒரு பட்டப்பெயர் வைத்தார்கள். அவள் நடந்து போனால் பின்னால் வாயை மட்டும் அசைத்துக்காட்டிச் சிரிப்பார்கள். கல்யாணக் கேசட்டை வெட்டச் சொன்ன அந்த அம்மாள் வாசலில் நின்று, "என் மருமகளை வெட்ட மாட்டேன்னவ, மைக்காரரு நாக்கை வெட்டிட்டா" என்று சொல்லிவிட்டுப் போனார். வேறு கடைக்காரர்கள் கேசட் அனுப்புவதை நிறுத்தினார்கள். தட்டில் பஞ்சு அப்படியே இருந்தது.

நானும் ஒரு நாள் பொறுக்காமல் கேட்டுவிட்டேன். "எதுக்குடி சொன்னே? வெயிலுக்கு மூடச் சொன்னாருன்னு சொல்லியிருந்தா அந்தப் பொண்ணு சந்தோஷமாப் போயிருக்கும்ல?"

"இல்லாததை எப்படிண்ணே சேக்கறது?"

"நீ சொன்னதுக்கு சாட்சி இருக்கா? அந்த ஒயர் ஒழுங்கா இருந்திருந்தா..."

"அதான் தெரியுமே. நான் மட்டும் ராத்திரியில தூங்கறேனாக்கும்?" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அவள் சொன்னதில் எனக்குச் சந்தேகம் வந்ததில்லை. சிறு வயதில் வீட்டுக் கண்ணாடியை நான் உடைத்தபோதும், கேட்டவர்களிடம் என்னைக் காட்டிக்கொடுத்தவள் அவள்தான்.

மழைக்காலம் தொடங்கிய பிறகு ஒரு மத்தியானம் மைக்காரர் வந்தார். தனியாக. என் மேசைக்கு எதிரே நின்று, உள்ளே கை காட்டினார். என் தங்கை வெளியே வந்தாள். யாரும் வாங்க என்று சொல்லவில்லை.

அவர் எழுதினார்: "நீ சொன்னது சரி. நான் மறந்திருந்தேன். நீ சொன்னதும் நினைவு வந்தது." நான் படித்து முடிப்பதற்குள் சட்டைக் கையால் துடைத்துவிட்டார்.

எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டது. "அய்யா, இதை உங்க பொண்ணுகிட்ட எழுதிக் காட்டுங்க. இப்பவே. நானும் கூட வர்றேன். எங்க வீட்டுப் பொண்ணைத் தெருவுல நடக்க விட மாட்டேங்கிறாங்க."

"மாட்டேன்" என்று எழுதினார். துடைத்தார். "எனக்கு அவள் மட்டும்தான்" என்று எழுதினார். அதையும் துடைத்தார்.

"அப்புறம் எதுக்கு வந்தீங்க?" என்றாள் என் தங்கை.

இந்த முறை எழுத நேரம் ஆயிற்று. எழுதிய பிறகும் பலகையை மார்போடு சேர்த்து வைத்துக்கொண்டிருந்தார். பிறகு திருப்பினார்.

"அன்றைக்கு நீ பேசியது என் குரல். அப்படியே இருந்தது. இருபது வருடமாக நான் அதைக் கேட்கவில்லை. இன்னொரு தடவை சொல்."

என் தங்கை அவரைப் பார்த்தபடி நின்றாள். தொண்டையைச் செருமிக்கொண்டாள். சொல்லிவிடுவாள் என்றுதான் நினைத்தேன்.

"எதைச் சொல்லணும்? பஸ்ஸு சொன்னதையா?"

தலையசைத்தார். பிறகு எழுதினார்: "எது வேண்டுமானாலும். அதைக்கூட."

"சொல்றேன். எத்தனை தடவை வேணும்னாலும் சொல்றேன். உங்க பொண்ணைக் கூட்டிட்டு வாங்க. அவ முன்னால நான் சொன்னது நெஜம்னு எழுதுங்க. எழுதிட்டு உட்காருங்க, சாயங்காலம் வரைக்கும் உங்க குரல்லயே பேசறேன்."

அவர் மார்க்கரின் மூடியைத் திறந்தார். மூடினார். படி இறங்கிப் போனார்.

அடுத்த வாரம் வந்தார். அதற்கு அடுத்த வாரமும் வந்தார். மகள் இல்லாமல்தான். என் தங்கை அதே பதிலைச் சொன்னாள். இப்போதும் வருகிறார். போன முறை பலகையில் முன்பே எழுதிக்கொண்டு வந்துவிட்டார்: "ஒரே ஒரு வார்த்தை."

"பொண்ணு எங்க?" என்றாள்.

அவர் பலகையை இன்னும் உயர்த்திப் பிடித்தார். அவள் தடுப்புக் கதவைச் சாத்திக்கொண்டாள். அவர் கழுத்துக் கைக்குட்டை மூச்சில் ஏறி ஏறி இறங்க, அந்தக் கதவைப் பார்த்து நின்றுகொண்டிருந்தார். வெளியே மழை வலுத்தது. என் பக்கத்தில் ஸ்டூல் காலியாகத்தான் இருந்தது. நான் அதை அவருக்கு எடுத்துப் போடவில்லை. கண்ணாடியை வெட்டத் தொடங்கினேன்.